பங்கசுநாசினிகள் கெட்டுப்போதலும் அதனால் விளையும் தீங்குகளும்

ஈரம்பட்ட விதை நெல் முளைக்காது என்பதையும், பழைய மிளகாய் விதையில் முளைதிறன் குன்றும் என்பதையும் நமது கமக்காரர்கள் நன்கறிவர். ஆதலால் விதையைக் காயவைத்து, காற்றுப் புகாவண்ணம் கட்டி, அடுத்த போகம் வரை பேணிக் காப்பர். ஆயின் அதே கொட்டிலின் ஒரு மூலையில், சென்ற போகத்தில் மிஞ்சிய பங்கசுநாசினி வாய் திறந்த பையிற் கிடப்பதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. "மருந்து தானே, கெட்டால் வலிமை குறையும், சற்றுக் கூடுதலாகக் கலந்தாற் போதும்" என்று எண்ணுவோர் பலர்.

இவ்வெண்ணம் தவறானது, ஆபத்தானதுமாகும். விதை கெட்டால் முளையாது போகும். பங்கசுநாசினி கெட்டாலோ அஃது வலிமை இழப்பதோடு நின்றுவிடாது. வேறு பொருள்களாகவும் மாறுகின்றது. அவ்வாறு தோன்றும் பொருள்களுட் சில, மூல மருந்தைக் காட்டிலும் மனிதருக்குக் கூடிய தீங்கு தருவன. வேறு சில பயிரையே வாட்டக்கூடியன. இவை எவ்வாறு உண்டாகின்றன, இவற்றை எவ்வாறு தவிர்க்கலாம் என்பனவற்றைக் கமக்காரர்களுக்கு விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

மருந்து கெடுவதற்கான காரணங்கள்

பங்கசுநாசினியைக் கெடுக்கும் காரணிகள் முக்கியமாக மூன்று: ஈரம், வெப்பம், காலம். இவற்றுள் ஈரமே முதன்மையானது. தூளாக விற்கப்படும் மருந்துகள் காற்றிலுள்ள நீராவியை மெல்ல மெல்ல உறிஞ்சுவன. ஒருமுறை பையைத் திறந்து, வாயை இறுகக் கட்டாது விட்டால், மாரி காலத்து ஈரக் காற்று உள்ளே புகுந்து மருந்தோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கும். வெப்பம் அவ்வேலையை விரைவுபடுத்தும். நாட்கள் செல்லச்செல்லக் கெட்ட பொருளின் அளவும் பெருகும்.

உருளைக்கிழங்கு, தக்காளி, வெண்காயம், மிளகாய் ஆகியவற்றுக்கு வரும் நோய்களைத் தடுக்கப் பெரிதும் பயன்பட்டுவரும் மங்கோசெப் என்னும் மருந்தை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். 1960களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த இம்மருந்து, அதற்கு முன்னரே வழக்கிலிருந்த சினெப், மனெப் என்பனவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. நாகமும் மங்கனீசும் சேர்ந்த ஒரு கந்தகச் சேர்வை எனச் சுருக்கமாக இதனைக் கூறலாம்.

இம்மருந்து இலையின் மேல் ஒரு மெல்லிய படையாகப் படிந்திருக்கும். மழைத்துளியும் பனியும் காற்றும் படும்போது அப்படை சிறிது சிறிதாக உடைகின்றது. அவ்வாறு உடையும்போது வெளிப்படும் பொருள்களே பங்கசின் வித்திகளைத் தாக்கி, அவை முளையாவண்ணம் தடுக்கின்றன. எனவே இம்மருந்து இலையின் மேல் உடைவது நமக்கு வேண்டியதே. அது பையினுள்ளே உடைவதுதான் வேண்டாதது. பைக்குள் உடைந்த மருந்து பங்கசைத் தடுக்க உதவாது. உடைந்து தோன்றிய பொருள்கள் மட்டும் பையிலே தங்கி, கமக்காரரின் கையிலும் மூச்சிலும் சேரக் காத்திருக்கும்.

எதிலீன் தயோயூரியா

மங்கோசெப் குடும்ப மருந்துகள் உடையும்போது தோன்றும் பொருள்களுள் மிகக் கவனிக்கப்பட வேண்டியது எதிலீன் தயோயூரியா என்பதாகும். இஃது இறப்பர்த் தொழிலிலும் பயன்படும் ஓர் இரசாயனப் பொருள். நீரில் எளிதிற் கரைவது. மருந்து செய்யப்படும்போதே இது சிற்றளவில் அதிற் கலந்திருக்கும். களஞ்சியத்தில் ஈரமும் வெப்பமும் பட்டால் இதன் அளவு கூடும்.

நமது கழுத்தின் முன்புறத்தில் தைரொயிட்டுச் சுரப்பி என ஒரு சிறு சுரப்பி உண்டு. உடலின் வளர்ச்சியையும் வெப்பத்தையும் உணவு செலவாகும் வேகத்தையும் ஒழுங்குபடுத்தும் சுரப்பு இதிலிருந்தே வருகின்றது. அயடீன் போதாதவிடத்து இச்சுரப்பி வீங்கிக் கழுத்துக் கழலை உண்டாவதைப் பலரும் அறிவர். எதிலீன் தயோயூரியா, அயடீன் கிடைத்தபோதும் அதனைச் சுரப்பி பயன்படுத்த விடாது தடுக்கின்றது. இதனைத் தொடர்ந்து ஊட்டிய எலிகளில் தைரொயிட்டு வீங்கி, ஈற்றிற் புற்றுக்கட்டிகளும் தோன்றின. சினை எலிகளுக்குக் கொடுத்தபோது குட்டிகள் உறுப்புக் குறைகளுடன் பிறந்தன.

எலியிற் கண்டது அனைத்தும் மனிதருக்கும் அவ்வாறே நிகழும் என்று கூறல் பொருந்தாது. தைரொயிட்டைப் பொறுத்தமட்டில் எலி மனிதரைவிட எளிதிற் பாதிக்கப்படும் பிராணியாகும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டில், இப்பொருளை மனிதரிற் புற்றுநோய் விளைப்பது என வகைப்படுத்த முடியாதவற்றுள் வைத்தது. ஆயினும் தைரொயிட்டின் வேலையை இது தடுக்கின்றது என்பதில் ஐயமில்லை. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு, முதல் மாதங்களில் தாயின் தைரொயிட்டுச் சுரப்பே ஆதாரம். ஆதலாற் கருவுற்ற பெண்கள் இவ்விடயத்திற் சிறப்பாகக் காக்கப்பட வேண்டியவராவர்.

அனுமதிக்கப்பட்ட அளவு

ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் வகுத்த தரத்தின்படி, ஒரு மருந்திலுள்ள மங்கோசெப்பின் நிறையில் 0.5 வீதத்துக்கு மேல் எதிலீன் தயோயூரியா இருத்தலாகாது. 80 வீத மங்கோசெப் அடங்கிய 500 கிராம் பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் மங்கோசெப் 400 கிராம். எனவே அப்பையில் இருக்கக்கூடிய எதிலீன் தயோயூரியாவின் உச்ச அளவு 2 கிராம்.

இரண்டு கிராம் அற்பமெனத் தோன்றலாம். ஆயின் மனிதர் ஒருவர் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் உட்கொண்டாலும் தீங்கில்லை என உணவு, விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூடி 1993இல் மதித்த அளவு, உடல்நிறையின் ஒரு கிலோவுக்கு 0.004 மில்லிகிராம் ஆகும். 50 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு இது நாளொன்றுக்கு 0.2 மில்லிகிராம். அக்கணக்கின்படி 2 கிராம் என்பது 10,000 நாட்களுக்குரிய எல்லையாகும். பையிலுள்ளது முழுவதும் உடலுட் செல்வதில்லை என்பது உண்மையே. எனினும் தரமான புதிய மருந்திலேயே இவ்வளவு இருக்கக்கூடுமெனின், ஈரம்பட்டுக் கட்டிபட்ட பழைய மருந்தை வெறுங்கையாற் கலக்குவது எத்தன்மையது என்பதைக் கமக்காரர்கள் தாமே சிந்திக்கலாம்.

இங்கு ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். உடனடி நச்சுத்தன்மையைக் கொண்டு மருந்துகளைப் பிரிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் வகுப்பில், மங்கோசெப் சாதாரண பாவனையில் உடனடி ஆபத்து விளைக்காதவற்றுள் அடங்கும். இதனாலேயே பலர் இதனை மாவைப் போல அள்ளுகின்றனர். அவ்வகுப்பு ஒரே தடவையில் உட்சென்றால் நேரும் நஞ்சைப் பற்றியதாகும். பல போகங்களாகச் சிறிது சிறிதாகச் சேர்வதன் பயனை அது கூறாது.

அயல்நாடுகளிற் கண்டவை

மெக்சிக்கோ நாட்டில், முதுகிற் சுமக்கும் தெளிகருவியால் இவ்வகை மருந்துகளைத் தெளித்த தொழிலாளரை ஆராய்ந்து 1997இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அவர்களின் சிறுநீரில் எதிலீன் தயோயூரியா காணப்பட்டது. தைரொயிட்டைத் தூண்டும் சுரப்பும் அவர்களின் இரத்தத்தில் உயர்ந்திருந்தது. சுரப்பி போதிய அளவு வேலை செய்யாதபோதே இத்தூண்டற் சுரப்பு உயர்வது வழக்கம்.

கொஸ்தாரிக்கா நாட்டில் வாழைத் தோட்டங்களுக்கு விமானத்தின் மூலம் மங்கோசெப் தெளிக்கப்படும் ஒரு பகுதியில், கருவுற்ற பெண்கள் 451 பேரை ஆராய்ந்த முடிவுகள் 2014இல் வெளிவந்தன. தோட்டங்களுக்கு அருகே வாழ்ந்த பெண்களின் சிறுநீரில் இப்பொருள் கூடுதலாக இருந்தது. அவர்களுட் பெரும்பாலோர் மருந்தைத் தொட்டவரே அல்லர் என்பது கவனிக்கத்தக்கது.

ஐரோப்பிய ஒன்றியம் 2020ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் மங்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. இனப்பெருக்கத்துக்கும் உடற் சுரப்புகளுக்கும் இம்மருந்தால் நேரக்கூடிய தீங்கு அம்முடிவுக்குக் கூறப்பட்ட காரணங்களுள் அடங்கும்.

பயிருக்கு நேரும் தீங்கு

கெட்ட மருந்து மனிதருக்கு மட்டுமன்றிப் பயிருக்கும் கேடாகலாம் என்பதற்குப் பெனோமில் என்னும் மருந்தின் வரலாறு ஓர் உதாரணம். 1960களின் இறுதியில் வந்த இது, நெல்லின் எரிபந்த நோய்க்கும் மரக்கறி, பூச்செடி ஆகியவற்றின் நோய்களுக்கும் பல நாடுகளிற் பயன்பட்டது. பெனோமில் உடையும்போது பியூற்றைல் ஐசோசயனேற்று என்னும் பொருள் வெளிப்படும். அங்கே ஈரமும் இருந்தால், இப்பொருளின் ஒரு பகுதி நீருடன் சேர்ந்து மாறி, பின்னர் எஞ்சிய பகுதியுடன் கூடி, இருபியூற்றைல் யூரியா என்னும் புதிய பொருளைத் தோற்றுவிக்கும்.

அமெரிக்காவில் இம்மருந்தின் உலர்மணி வடிவத்தைப் பாவித்த செய்கையாளர் பலர், செடிகள் குன்றி உருமாறியதாக முறையிட்டனர். அதனைத் தயாரித்த டியூபொன்ற் நிறுவனம், அத்திரசின் என்னும் களைநாசினி அதிற் கலந்திருந்தமையால் 1991இல் அவ்வடிவத்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. செய்கையாளருக்குப் பெருந்தொகை நட்டஈடும் வழங்கியது. பின்னர் 1992இல், செடிகள் வாடியமைக்குத் தன் மருந்து காரணமன்று என அந்நிறுவனம் அறிவித்தது. 1994இல் புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர், விற்பனைக்கிருந்த மருந்திலே இருபியூற்றைல் யூரியா உண்டு என்பதையும், அது செடியின் வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதையும் எடுத்துக்காட்டினர். தோட்டங்களில் நேர்ந்த அழிவுக்கு எது காரணம் என்ற வழக்குகள் நீதிமன்றங்களில் நெடுங்காலம் நடந்தன. ஈற்றில் 2001இல் இம்மருந்தின் உற்பத்தியை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. வழக்குகளின் முடிவு எதுவாயினும், ஈரம்பட்ட பெனோமிலில் இப்புதிய பொருள் தோன்றும் என்பது உறுதி.

உயிரிழப்புக்குக் காரணமான ஒரு களஞ்சியப் பிழை

பின்வருவது பங்கசுநாசினி பற்றியதன்று, பூச்சிநாசினி பற்றியது. எனினும் பாடம் ஒன்றே. 1976ஆம் ஆண்டு பாக்கிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக வீடுகளில் மலத்தியன் தெளிக்கப்பட்டது. அவ்வேலையில் ஈடுபட்ட 7,500 தெளிப்பாளரில் ஏறத்தாழ 2,800 பேர் நஞ்சேறி நோயுற்றனர், ஐவர் இறந்தனர். மலத்தியன் அத்துணைக் கொடிய நஞ்சன்று. ஆராய்ந்தபோது, களஞ்சியத்திலிருந்த தூளில் ஐசோமலத்தியன் என்னும் பொருள் தோன்றியிருந்தமை தெரியவந்தது. மலத்தியனை அழித்து வெளியேற்றும் உடலின் ஆற்றலை இப்பொருள் முடக்கிவிடுகின்றது. வெறுங்கையாற் கலந்தமையும் நனைந்த உடையோடு வேலை செய்தமையும் தீங்கைப் பெருக்கின. சிட்டையில் எழுதியிருந்த பெயர் மாறவில்லை. உள்ளிருந்த பொருளே மாறியிருந்தது.

நமது நாட்டின் நிலை

இலங்கையின் வரண்ட வலயத்தில், தகரக் கூரையிட்ட கொட்டில்கள் வெயிற் காலத்தில் வெளியைக் காட்டிலும் மிகக் கொதிப்பன. நுவரெலியா, வெலிமடை போன்ற மலைநாட்டுப் பகுதிகளில் வெப்பம் குறைவாயினும் காற்றில் ஈரம் மிகுதி. யாழ்ப்பாணத்தில் உருளைக்கிழங்குச் செய்கை மாரி மழையை அடுத்துத் தொடங்குவதால், திறந்த பைகள் ஈரமான நாட்களைக் கடந்தே வெயிற் காலத்தை அடைகின்றன. ஆகவே மருந்தைக் கெடுக்கும் காரணிகளில் ஒன்றேனும் இல்லாத பகுதி நமது நாட்டில் இல்லை எனலாம்.

மருந்துகளின் தரத்தைச் சோதிக்குமிடத்து 54 பாகை வெப்பத்தில் 14 நாட்கள் வைத்து, அதன் பின்னும் அவை தரங்குன்றாதிருக்கின்றனவா என நோக்குவது வழக்கம். அச்சோதனை மூடிய பொதிக்கே உரியது. திறந்து சாக்கின் மேல் வைத்த பைக்கு எவரும் பொறுப்புக் கூற முடியாது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பதிவு செய்யப்பட்ட மருந்துகளையே இந்நாட்டில் விற்கலாம். பதிவும் சிட்டையும் கடை வரைக்குமே காவலாகும். வீட்டுக்கு வந்தபின் காவல் கமக்காரருடையதே.

கமக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

1. ஒரு போகத்துக்கு வேண்டிய அளவை மட்டுமே வாங்குக. பெரிய பை மலிவு எனக் கருதி வாங்கி, பாதியை மிச்சம் வைப்பது உண்மையில் நட்டமாகும். சிறிய பைகளாக வாங்கி, ஒன்று முடிந்தபின் மற்றொன்றைத் திறத்தல் நன்று.

2. வாங்கும்போதே உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, பதிவிலக்கம் ஆகியவற்றைப் பார்க்க. சிட்டை கிழிந்த பையையும், கடையில் வெயில் படும் இடத்திலிருந்த பையையும் வாங்கற்க. நிறுத்துத் தாளிற் சுற்றித் தரும் மருந்தை எக்காரணங் கொண்டும் ஏற்கற்க.

3. திறந்த பையின் வாயை மடித்து இறுகக் கட்டி, மூடியுள்ள தகரத்திலோ வாளியிலோ இட்டு, நிலத்தில் வையாது பலகையின் மேல் வைக்க. இடம் குளிர்ச்சியும் காற்றோட்டமும் உள்ளதாய், பூட்டுடையதாய் இருத்தல் வேண்டும். குசினியிலும் நெல் வைக்கும் அறையிலும் வைக்கலாகாது. உணவுப் போத்தலுக்கு மாற்றவுங் கூடாது.

4. மங்கோசெப், மனெப் போன்ற தூள்கள் ஈரம்பட்டால் தாமே சூடேறித் தீப்பற்றவுங் கூடும். ஆதலால் ஈரச் சாக்கு, வைக்கோல், எண்ணெய் என்பவற்றின் அருகே அவற்றை வைக்கற்க.

5. கலக்கும்போது கையுறை அணிக, தடியாற் கலக்குக. தூளை அளக்கும்போது முகத்தை மூடி, காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி நிற்க. தூளை அளக்கும் வேளையே அது மூச்சில் மிகுதியாகச் சேரும் வேளை.

6. கரைத்த மருந்தை அன்றைக்கே தெளித்து முடிக்க. நீரிற் கரைந்த மங்கோசெப் ஒன்றிரண்டு நாட்களுக்குள் பாதியளவு உடைந்துவிடும். இரவு தெளிகருவியில் விட்டு மறுநாள் தெளிப்போர், நோயைத் தடுக்காத மருந்தையும் அதன் கழிவையுமே பயிருக்கு இடுகின்றனர்.

7. சுண்ணாம்பு சேர்ந்த போடோக் கலவை முதலிய காரத்தன்மை மிக்கவற்றோடு இம்மருந்துகளைக் கலக்கற்க. கப்டன் என்னும் மருந்து காரம் மிக்க நீரில் மிக விரைவாக அழியும்.

8. தெளிகருவியைக் கிணற்றடியிலும் வாய்க்காலிலும் கழுவலாகாது. எதிலீன் தயோயூரியா நீரோடு எளிதில் நிலத்தினுட் செல்வது. சுண்ணக்கற் பாறையுள்ள யாழ்ப்பாணப் பகுதியிற் கிணற்று நீரே குடிநீர் என்பதை மறத்தலாகாது.

9. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சிறுவர்களும் மருந்து கலக்குமிடத்தில் நிற்றலாகாது. மருந்து தெளித்தவரின் உடையை அவரே தனியாகத் தோய்த்தல் வேண்டும்.

அறுவடையும் அடுப்பும்

தெளித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே சிட்டையிற் கூறப்பட்ட நாட்கள் கழிதல் அவசியம். சந்தை விலை ஏறியது என்பதற்காக அதற்கு முன் தக்காளி பறிப்பது, வாங்குவோருக்கும் தன் வீட்டாருக்கும் செய்யும் தீங்காகும். இதற்குத் தனிப்பட்ட காரணம் ஒன்றுண்டு. காய்கறியின் மேல் எஞ்சிய மங்கோசெப், கொதிக்கும் நீரிற் சமைக்கப்படும்போது ஒரு பகுதி எதிலீன் தயோயூரியாவாக மாறுகின்றது. அதாவது களஞ்சியத்தில் மாதக் கணக்கில் நிகழும் மாற்றம் சட்டியில் சில நிமிடங்களில் நிகழ்ந்துவிடும். நன்றாகச் சமைத்தால் மருந்து போய்விடும் என்னும் நம்பிக்கை இங்கு பொருந்தாது.

இம்மருந்து காய்க்குள் ஊடுருவாது பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்குவதால், வெட்டுவதற்கு முன் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, அந்நீரை ஊற்றிவிடுவதால் அதன் பெரும்பகுதியை நீக்கலாம். தோல் சீவக்கூடியவற்றைச் சீவுதல் மேலும் நன்று.

கெட்ட மருந்தை அறிதல்

தூள் கட்டிபட்டிருத்தல், நிறம் மாறியிருத்தல், அழுகிய முட்டை போன்ற கந்தக மணம் வீசுதல், நீரில் இட்டால் கலங்காது அடியிற் படிதல் என்பன கெட்ட மருந்தின் அடையாளங்கள். இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் அம்மருந்தைப் பயன்படுத்தலாகாது. கட்டியை உடைத்து அரித்து எடுப்பதாற் பயனில்லை. ஏனெனிற் கெட்டது தூளின் உருவமன்று, அதன் உட்பொருளே. மறுபுறம், இவ்வடையாளங்கள் காணப்படாமையால் மட்டும் மருந்து நல்லது எனக் கொள்ளவும் இயலாது. எதிலீன் தயோயூரியாவைக் கண்ணாலோ மூக்காலோ அறிய முடியாது. ஆகவே திகதியும் களஞ்சியப்படுத்திய முறையுமே நம்பத்தக்க சான்றுகளாம்.

கெட்ட மருந்தை வாய்க்காலிற் கொட்டுதல், பையோடு எரித்தல், கிணற்றருகே புதைத்தல் ஆகியன முற்றாக விலக்கத்தக்கன. அதனை மூடிய கொள்கலத்தில் வேறாக வைத்து, "பாவிக்கக் கூடாது" என எழுதி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஆலோசனை பெறுக.

முடிவுரை

நோய் எதிர்க்கும் இனங்களைத் தெரிவு செய்தல், யூரியாவை அளவோடு இடுதல், நெருக்கமாக நடாது காற்றோட்டம் விடுதல், நோயுற்ற பாகங்களை நீக்குதல் ஆகிய வழிகளால் மருந்தின் தேவையே குறையும். தேவை குறைந்தால் மிச்சமும் குறையும். மிச்சம் இல்லாதவிடத்துக் கெடுவதற்கும் ஒன்றில்லை. தவிர்க்க இயலாது மருந்து வாங்கும் கமக்காரர், அதனை விதை நெல்லைப் போலவே உலர்வாகவும் குளிர்வாகவும் பேணி, வாங்கிய போகத்திலேயே பயன்படுத்தி முடிப்பாராக. பழைய பை ஒன்றை எறிவதால் நேரும் நட்டம் சில நூறு ரூபாய். அதனைத் தெளிப்பதால் நேரக்கூடிய நட்டம், பயிரும் தெளிப்பவரின் உடல்நலமும் ஆகும்.